யாழ்ப்பாணத்தில் சைக்கிளை எங்கே திருத்தக் கொடுப்பது? முழுமையான வழிகாட்டி

சைக்கிள் பழுதானால் ஊரில் எல்லாரும் முதலில் கேட்பது "ஆரிட்டக் குடுக்கலாம்?" என்றுதான். உரும்பிராயிலிருந்து பலாலி வீதியால் நகரத்துக்குப் பல வருடமாகச் சைக்கிளில் போய் வருகிறேன். நானும் அப்படித்தான் கேட்டுத் திரிந்தேன். நல்ல கடை என்று நாலு பேர் சொன்ன இடத்தில் வேலை கெட்டுத் திரும்பியிருக்கிறேன். ஒழுங்கைக்குள் பெயர்ப்பலகையே இல்லாத ஒரு கொட்டிலில் போட்ட வேலை வருடக்கணக்கில் நின்றிருக்கிறது. அதன் பிறகு நான் தேடும் முறையை மாற்றிக்கொண்டேன். முதலில் என்ன வேலை என்று பார்ப்பேன், பிறகுதான் யாரிடம் கொடுப்பது என்று யோசிப்பேன்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதிகமான வேலைகளுக்கு, வீட்டிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டே போகக்கூடிய தூரத்தில் இருப்பவரே சரியான ஆள். ஆனால் அவருடைய கையை ஒரு சின்ன வேலையில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். சில வேலைகளுக்கு மட்டும் அந்தத் தூரத்தைத் தாண்டிப் போகலாம். எவை அந்த வேலைகள், எப்படிச் சோதிப்பது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

நல்ல கைகள் நம் ஊரில் ஒழுங்கைகளுக்குள் இருப்பது தற்செயல் இல்லை. 1990 இல் போரின்போது பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோலும் பற்றரியும் கிடைப்பது அரிதாயிற்று. ஆளை ஏற்றவும், விறகு ஏற்றவும், நோயாளியைக் கொண்டுபோகவும் சைக்கிள்தான். டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி கேட்ட வீடுகள் எத்தனை! 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நகர்ந்தவை கரியரிலும் பாரிலும் மூட்டை கட்டிய சைக்கிள்கள். புதுச் சாமான் வராத அந்தக் காலத்தில், தேய்ந்ததை மாற்றிப் போட வழியில்லாமல், இருந்ததைத் தட்டி நிமிர்த்தி ஓட வைக்கப் பழகியவர்களும் அவர்களிடம் தொழில் கற்றவர்களும் இன்னும் இருக்கிறார்கள். 2022 இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது, தாழ்வாரத்தில் தூசு பிடித்துக் கிடந்த சைக்கிள்களை எல்லாரும் மறுபடி இவர்களிடம்தான் உருட்டிக்கொண்டு போனார்கள்.

படி 1: கொண்டுபோக முன் வீட்டு முற்றத்தில் பாருங்கள்

பத்து நிமிடம் போதும், திருத்தும் கருவி ஒன்றும் வேண்டாம். இந்தப் பார்வை இல்லாமல் கடைக்குப் போனால் "எல்லாத்தையும் பாருங்கோ" என்றுதான் சொல்ல வரும். அப்படிச் சொன்னால் காசும் எல்லாவற்றுக்குமாகத்தான் போகும்.

காற்றிலிருந்து தொடங்குவோம். இரவு அடித்த காற்று காலையில் இறங்கியிருந்தால் உடனே ஒட்டுப் போட ஓடாதீர்கள். காற்றடிக்கும் வால்க்கட்டையின் (வால்வின்) வாயில் கொஞ்சம் எச்சில் தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் ரியூப்பில் ஓட்டை இல்லை, வால்க்கட்டையில் மாட்டியிருக்கும் சின்ன இறப்பர்க் குழாய்தான் பழுது. அதை நீங்களே மாற்றலாம்.

அடுத்தது சில்லு. சைக்கிளைத் தூக்கிப் பிடித்துச் சில்லைச் சுற்றிவிட்டு, றிம்முக்கும் பிறேக் கட்டைக்கும் இடையில் உள்ள வெளியைப் பாருங்கள். அது கூடிக் குறைந்தால் றிம் நெளிந்திருக்கிறது, சில்லுக் கம்பிகளை இறுக்கித் தளர்த்தி நிமிர்த்தும் வேலை. பிறகு சில்லை நிறுத்தி, றிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். "கடக்" என்று ஆடினால் சில்லின் நடுவில் உள்ள ஹப்பில், குண்டுகளோ அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கோனோ தளர்ந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை. முதலாவதற்குப் பொறுமையான கண் வேண்டும், இரண்டாவதற்குக் கிறீஸும் புதுக் குண்டும் போதும்.

பெடல் மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் "டக்" என்று சத்தம் வந்தால், இரண்டு கையாலும், பெடல் பூட்டியிருக்கும் இரண்டு கிறாங்கையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒன்று ஆட மற்றது ஆடாமல் நின்றால், கிறாங்கை அச்சோடு இறுக்கும் கொட்டர்பின் தளர்வு. இரண்டும் சேர்ந்து ஆடினால் உள்ளே அச்சைத் தாங்கும் கப் தளர்வு. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் கொட்டர்பின்னை மூன்று தரம் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

செயினுக்குப் பிள்ளையின் அடிமட்டம் போதும். ஒரு பின்னின் நடுவில் பூச்சியத்தை வைத்து 24 கண்ணி எண்ணுங்கள். புதுச் செயினில் இருபத்துநாலாவது கண்ணியின் பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். 1/16 அங்குலம் தாண்டினால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலமே தாண்டிவிட்டால் பின் சில்லில் உள்ள பிறீவீலின் பல்லும், பெரும்பாலும் முன் பல்லுச்சில்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும். அப்போது புதுச் செயினை மட்டும் போட்டால் ஏறி மிதிக்கும்போது வழுக்கும். "புதுச் செயின் சரியில்லை" என்று கடைக்காரரோடு பிறகு சண்டை வருவது இதனால்தான்.

கடைசியாக, முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹாண்டில் கழுத்தில் தட்டல் கேட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். முன் சில்லைப் பிடித்திருக்கும் போர்க்கிலோ, பார்கள் சேரும் மூட்டிலோ பெயின்ற் மயிர்க்கோடு போல வெடித்து அதில் துரு கசிந்திருந்தால், அந்தச் சைக்கிளை அன்றோடு ஓட்டுவதை நிறுத்துங்கள். வெடித்த முன் போர்க்கை வெல்டிங் பிடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது ஓடும்போது முறிந்தால் முகம்தான் முதலில் தாரில் படும். போர்க் மாற்றப்பட வேண்டியது.

படி 2: உங்கள் சைக்கிள் எந்த இனம்?

உயரமான பழைய சைக்கிள், கம்பி பிறேக் உள்ளது, லுமாலா போன்ற சாதாரணச் சைக்கிள்: இவற்றுக்கு ஊர்க் கடைகளை மிஞ்ச ஆளில்லை. பழைய இங்கிலிஷ் சைக்கிள்களில் முன் சில்லுக்கு 32 கம்பியும் பின் சில்லுக்கு 40 கம்பியும் இருக்கும். இது சொல்லாமலே தெரிந்த ஐயாமார் இருக்கும் ஊர் இது.

கியர் சைக்கிள், டிஸ்க் பிறேக் சைக்கிள் என்றால் கதை வேறு. கியர் மாறாமல் துள்ளினால் பல நேரம் பிழை கியரில் இருக்காது. சைக்கிள் வலப்பக்கமாக விழுந்து, பின் கியர் தொங்கும் கொக்கி வளைந்திருக்கும். அதைக் குறட்டால் நெளித்து நிமிர்த்துபவரிடம் கொடுக்கக் கூடாது. அளந்து நிமிர்த்தத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். டிஸ்க் தட்டில் எண்ணெய்க் கை பட்டாலே பிறேக் பிடிக்காது. ஆகவே எண்ணெய்த் துணியால் முழுச் சைக்கிளையும் துடைத்துப் பளபளப்பாக்கித் தரும் அன்பான கடை இந்த இனத்துக்கு ஆபத்து.

ரயர் அளவையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "இருபத்தாறு ரயர் ஒண்டு தாங்கோ" என்று கேட்டு வாங்கி வந்து பூட்ட முடியாமல் திரும்பாத ஆள் குறைவு. 26 × 1⅜ என்பதும் 26 × 1.75 என்பதும் பெயரில்தான் ஒரே இருபத்தாறு. முதலாவது உட்காரும் றிம்மின் விட்டம் 590 மில்லிமீற்றர், இரண்டாவதினது 559. ஒன்று மற்றதில் ஏறாது. ரயரின் பக்கத்தில் 37-590, 47-559 என்று சின்னதாக அடித்திருக்கும் இலக்கத்தைப் பார்த்து, கடைசி மூன்று இலக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

படி 3: எத்தனை வகை இடங்கள்

வீதியோர மரநிழலில் ஒரு பம், ஒரு தண்ணீர்ச் சட்டி, ஒரு தகரப் பெட்டியோடு இருப்பவர் முதல் வகை. காற்று, ஒட்டு, வால்க்கட்டை, கழன்ற செயின், பிறேக் கட்டை எல்லாம் அங்கேயே முடியும். வேறெங்கும் போகத் தேவையில்லை.

இரண்டாவது வகைதான் என் மனதுக்கு நெருக்கமானது. வீட்டோடு சேர்த்து இறக்கிய கொட்டில், மேலே தொங்கும் பழைய றிம்கள், வாசலில் "துவிச்சக்கர வண்டி திருத்துமிடம்" என்று கையால் எழுதிய பலகை. சில இடத்தில் அதுவும் இல்லை. கழற்றிப் பூட்டுவது, கம்பி கட்டுவது, நெளிவெடுப்பது, ஹப், கொட்டர்பின், கப் எல்லாவற்றுக்கும் இவர்தான். பகலில் தோட்டத்துக்குப் போய்ப் பின்னேரம் மட்டும் கடை திறப்பவர்களும் உண்டு. அதனால் ஒருமுறை பூட்டிக் கிடக்கக் கண்டுவிட்டு, கடை நின்றுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

யாழ் நகரத்திலும் சுன்னாகம், சாவகச்சேரி, நெல்லியடி போன்ற சந்தை ஊர்களிலும் உள்ள உதிரிப்பாகக் கடைகள் மூன்றாவது. சாமான் தெரிவு அங்கேதான் அதிகம். வேலை அவசரமாக நடக்கும், செய்பவர் ஒவ்வொரு முறையும் வேறு ஆளாக இருக்கலாம். நாலாவது, புதுச் சைக்கிள் விற்கும் இடங்கள். வாங்கிய சைக்கிள் உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் முதலில் அங்கேயே போங்கள். வெளியில் கழற்றினால் உத்தரவாதம் போகுமா என்று வாங்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். கியரும் டிஸ்க்கும் தெரிந்தவர்கள் இந்தக் கடைசி இரண்டு வகையில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

படி 4: ஒரு ஒட்டில் கையைப் பாருங்கள்

முழுச் சைக்கிளையும் நம்பிக் கொடுக்க முன், ஒரு ஒட்டுப் போடக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். இதைவிட நல்ல பரீட்சை எனக்குத் தெரியாது. ஒட்டு சின்ன வேலை. ஆனால் அவசரக்காரரையும் பொறுமைக்காரரையும் அது உடனே பிரித்துக் காட்டிவிடும்.

அவர் ரயரை எதனால் நெம்புகிறார் என்று முதலில் பாருங்கள். மழுங்கிய நெம்புகோலா, கூரான திருப்புளியா? கூரானது ரியூப்பில் இன்னொரு ஓட்டை போடும். ரியூப்பை இழுத்தெடுத்ததும் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் தேடுவார். எல்லாரும் அதுவரை ஒன்றுதான். ஓட்டை கிடைத்த பிறகுதான் வித்தியாசம். நல்ல கை, வால்வு இருந்த இடத்தை வைத்து ரியூப்பை ரயரோடு பொருத்திப் பார்த்து, எந்த இடத்தில் குத்தியது என்று கண்டுபிடிக்கும். பிறகு ரயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியை ஓட்டும். நெருஞ்சி முள்ளோ, வேலியில் இருந்து விழுந்த கிளுவை முள்ளோ, முட்கம்பித் துண்டோ உள்ளே நின்றால் துணி அதில் மாட்டும். முள்ளை எடுக்காமல் போட்ட ஒட்டு அடுத்த சந்தி வரைக்கும்தான்.

அதன் பிறகு ரியூப்பை நன்றாகக் காயவிட்டு, உரஞ்சி, சொலூசனை மெல்லிசாகத் தடவி, காத்திருக்க வேண்டும். சொலூசன் ஈரமாக இருக்கும்போது ஒட்டுத் துண்டை வைத்தால் பிடிக்காது. தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்கு உலர வேண்டும். எங்கள் பக்கத்து ஐயாவிடம் ஒருநாள் அவசரத்தில் சொன்னேன்:

"ஐயா, வேலைக்கு நேரம் போட்டுது, ஒட்டிவிடுங்கோவன்."

"தம்பி, இப்ப ஒட்டினா நீர் நேரத்துக்குப் போவீர், பின்னேரம் உருட்டிக்கொண்டு வருவீர். ரெண்டு நிமிசம் நில்லும்."

அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் நான் இன்றும் அவரிடம் போகிறேன். ஒட்டிய பிறகு மறுபடி தண்ணீரில் பார்த்தார். கம்பி முனை எதுவும் றிம்முக்குள் நீட்டி நிற்கிறதா என்று விரலால் தடவினார். ரியூப்புக்குக் கொஞ்சம் காற்று கொடுத்து உருட்டி எடுத்து, சுருக்கு விழாமல் உள்ளே வைத்தார். இதில் பாதியாவது செய்கிறவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

படி 5: கேட்க வேண்டியவை

காசு கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வேலைக் கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். உதிரிப்பாக விலை 2022 க்குப் பிறகு பழைய கணக்கில் இல்லை. போனமுறை கொடுத்த காசை மனதில் வைத்துக்கொண்டு போனால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு. "வேற ஏதும் பழுது கண்டா, செய்ய முன்னம் ஒரு கோல் எடுங்கோ அண்ணை" என்று சொல்லி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மாற்றிய பழைய சாமானை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். நேர்மையான திருத்துநர் இதைச் சந்தேகமாக எடுப்பதில்லை. தேய்ந்த கோனில் விழுந்த பள்ளத்தை அவரே காட்டி விளக்குவார்.

கழற்றிப் பூட்டக் கொடுத்தால், குண்டுகள் முழுக்கப் புதிதா என்று கேளுங்கள். வழமையான ஹப்பில் முன் சில்லுக்குப் பக்கத்துக்கு 10, பின் சில்லுக்குப் பக்கத்துக்கு 9. பழையதோடு நாலைந்து புதுசைக் கலந்து போட்டால் பருமன் ஒத்துவராமல், பாரம் முழுவதையும் அந்த நாலைந்தே தாங்கிக் கோனைத் தின்றுவிடும். எண்ணெய் விஷயத்தில் எனக்குக் கண்டிப்பான அபிப்பிராயம் உண்டு. தேங்காய் எண்ணெய் செயினில் பிசினாகித் தூசைப் பிடிக்கும். எங்கள் செம்பாட்டு மண்ணில் அது இரண்டே நாளில் சாணைக்கல் போல ஆகிவிடும். கழித்த எஞ்சின் ஒயிலும் வேண்டாம். செயினை மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, தையல் மெசின் எண்ணெயோ செயின் எண்ணெயோ சொட்டுச் சொட்டாக விட்டு, மேலே நிற்பதைத் துடைக்க வேண்டும்.

இன்னொன்று, நான் காசு கொடுத்துப் படித்தது. ஒரு இடத்தில் இடது பெடல் மாற்றக் கொடுத்தேன். பக்கத்தில் நிற்கவில்லை. இடது பெடலின் புரி மற்றவற்றுக்கு எதிர்ப்புறமாக இறுகும். வேலை செய்த பையனுக்கு அது தெரியவில்லை. ஏறாததை ஏற்றப் பெரிய ஸ்பனரால் அமத்தியிருக்கிறார். கிறாங்கின் புரி முழுவதும் அரைபட்டு, பெடலோடு கிறாங்கும் போயிற்று. அந்தப் பையனில் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர் பக்கத்தில் இல்லை. இப்போது புதுக் கடைக்குப் போனால் "இடது பெடல் எந்தப் பக்கம் கழரும் அண்ணை?" என்று கதையோடு கதையாகக் கேட்டுப் பார்ப்பேன்.

படி 6: சாமானை யார் வாங்குவது

ரயர், ரியூப், சீற் போன்றவற்றை அளவு பார்த்து நீங்களே வாங்கிக் கொடுக்கலாம். குண்டு, கோன், கப், கொட்டர்பின் ஆகியவற்றைத் திருத்துபவரே வாங்கட்டும். கொட்டர்பின்னின் சரிவு சைக்கிளுக்குச் சைக்கிள் வேறுபடும், அரத்தால் ராவிப் பொருத்த வேண்டியும் வரும். நீங்கள் கொண்டுபோன கொட்டர்பின் பொருந்தாவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவரே தெரிந்து வாங்கிய சாமான் என்றால் பொறுப்பும் அவருடையது.

படி 7: எப்போது கொடுப்பது

ஐப்பசி பிறக்க முன்னம் கொடுங்கள். ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளால் ஓடினால் ஹப்புக்குள் தண்ணீர் போகும். மழைக்கு முன்பு கிறீஸ் நிறைந்திருந்தால் அதிகம் போகாது. மழை விட்டதும் செயினையும் பிறேக் கம்பியையும் மட்டும் ஒருமுறை பார்த்தால் போதும். பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் தினமும் தீவுப் பக்கம் போய் வருகிறவர்களுக்கு இந்தக் கணக்குப் போதாது. கம்பிகளை றிம்மில் இறுக்கும் கம்பி முடிச்சுகளைத்தான் உப்புக்காற்று முதலில் தின்னும். நெளிவெடுக்கத் திருப்பும்போது முடிச்சு திரும்பாமல் கம்பி முறியும். ஆகவே கம்பி முடிச்சுகளில் மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வாருங்கள். நல்லூர்த் திருவிழா நாள்களிலும் தவணை தொடங்கும் கிழமையிலும் பெரிய வேலை கொடுக்காதீர்கள். எல்லார் சைக்கிளும் அப்போது அங்கேதான் நிற்கும்.

படி 8: எடுக்கப் போகும்போது

இருட்ட முன்னம் போங்கள். படி 1 இல் வீட்டு முற்றத்தில் பார்த்ததையெல்லாம் அந்த வாசலிலேயே மறுபடி பாருங்கள். சில்லைச் சுற்றினால் தானாக ஓய்ந்து, பாரமான பக்கம் கீழே வந்து நிற்க வேண்டும். பட்டென்று நின்றால் கோன் அளவுக்கு மீறி இறுகிவிட்டது. இரண்டு பிறேக்கையும் பிடித்துப் பாருங்கள். சந்தி வரை ஒருமுறை ஓடி வந்த பிறகு காசைக் கொடுங்கள்.

கம்பி முழுக்கக் கட்டிய புதுச் சில்லு என்றால் அன்றோடு வேலை முடிந்துவிடாது. ஓட ஓடக் கம்பிகள் இருந்து படிந்து தளரும். ஒன்றிரண்டு கிழமை ஓடிய பிறகு திரும்பக் கொண்டுபோய் இறுக்க வேண்டும். "ரெண்டு கிழமையால ஒருக்காக் கொண்டு வாங்கோ, காசு வேண்டாம்" என்று அவராகவே சொன்னால், அந்தக் கொட்டில் எந்த ஒழுங்கையில் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள்.